பிலோமினா அக்கா விசாரித்த பிரபு வம்சம்

"உன்ரை தேப்பன் ஆரெண்டு தெரியும். தாய் ஆர்? முதல் அதைச் சொல்லு."

நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் மூக்கைத் துணியால் துடைத்தபடி பிலோமினா அக்கா விசாரித்துக்கொண்டிருந்தார். வெறும் ஓவியம்தான், ஆனாலும் பிரபு கொஞ்சம் நெளிந்ததுபோல் எனக்குப் பட்டது.

இத்தாலியில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில், எண்பத்தாறு வயது எட்வின் துரையைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. துரை தனிக்கட்டை. தன் மூதாதை வில்டன்மியர் பிரபுவின் குடும்ப வரலாற்றை இருபது வருடமாக எழுதுகிறார், இன்னும் பிரபுவின் கொள்ளுப்பேரனைத் தாண்டவில்லை. மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவனான நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். அதற்குக் கூலி அக்காவின் டீ.

அக்கா மன்னார்ப் பக்கம், பேசாலையில் பிறந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று கல்யாணம் பேசுவார். பெயரைச் சொன்னால் போதும், மூன்று தலைமுறையை உரித்து வைத்துவிடுவார். அதே சூட்டோடு துரையின் வம்சத்திலும் கை வைத்தார். எந்தப் பிரபு இரண்டாம் தாரம் எடுத்தார், எந்த மகளுக்குச் சீதனம் குறைந்தது, எல்லாம் அத்துப்படி. துரை ஒரு பெயரில் திக்கினால் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் எடுத்துக் கொடுக்கும்.

ஒரு ஜோடிப் படங்களை மட்டும் தொடமாட்டார். நிலம் கைமாறிவிடக் கூடாதென்று நாலாம் பிரபு தன் சித்தப்பா மகளைக் கட்டினாராம். துரைக்கு அதில் ஏகப்பெருமை, தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

"சித்தப்பன்ரை பெட்டை எண்டால் தங்கச்சியெல்லோ! ரெண்டு பேரும் தூசியோடை கிடக்கட்டும்."

வெள்ளைக்காரர்களுக்கு அந்த முறையெல்லாம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ படிச்சனி தம்பி. படிச்சவை எல்லாத்துக்கும் ஒரு சாட்டு வைச்சிருப்பினம்."

போன வியாழக்கிழமை இந்த வாய்க்குப் பூட்டுப் போடவேண்டி வந்தது. துரையின் காரியங்களைக் கவனிக்கும் அண்ணன் மகன் ருபேர்ட், மனைவியோடு இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினார். அக்காவின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, துரையை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்பது அவர் கையில். ஒப்பந்தம் போனால் அக்காவின் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியும் போகும், பிறகு அவர் இந்த நாட்டில் இருக்கவே முடியாது. "இன்றைக்கு மட்டும் பேசாமல் இரு, பிலோமினா" என்று துரை கெஞ்சினார். அக்காவும் இறங்கி வந்து அந்த ஜோடியின் தூசியைத் தட்டினார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

ருபேர்ட் நேரே அந்தப் படங்களின் முன்னால் போய் நின்று மனைவியின் தோளில் கை போட்டார். அக்காவுக்கும் புரியட்டும் என்று இத்தாலியனில் சொன்னார்: "என் அப்பாவும் இவள் அப்பாவும் அண்ணன் தம்பி. நாலாம் பிரபுவுக்குப் பிறகு அந்த வழக்கத்தைக் காப்பாற்றியது நாங்கள்தான்!"

அக்கா டீத் தட்டோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார். துரை கண்ணை மூடிக்கொண்டார். அக்கா போய்விட்டால் துரைக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குத்தான் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

"எங்கள் குடும்பம் எப்படி, சிஞ்ஞோரா?" என்றார் ருபேர்ட்.

அக்கா தட்டை வைத்துவிட்டு, படங்களைப் பார்த்து நெற்றியிலும் மார்பிலும் மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டார். மூதாதையர்மேல் இவ்வளவு பக்தியா என்று ருபேர்ட் உருகிப்போனார். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா ஒப்பந்தத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு தம்பதிக்கு ஒதுக்கியிருந்த விருந்தினர் அறைக்குள் போய், இரட்டைக் கட்டிலிலிருந்து ஒரு தலையணையையும் ஒரு போர்வையையும் எடுத்துவந்து கூடத்துச் சோபாவில் போட்டார். தலையணையை இரண்டு தட்டுத் தட்டி, ருபேர்ட்டின் பெட்டியைத் தூக்கிவந்து அதன் கால்மாட்டில் வைத்தார்.