கிடாய்க்கறிப் பங்கு

திரையில், பஞ்ச காலத்தில் நடக்கும் கதை. முட்டி உடைந்த வீரன் நொண்டியபடியே ஜெயிக்க, தியேட்டர் முழுக்க விசில். எனக்கோ ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை வந்தது.

உசிலம்பட்டியில் மழை பொய்த்த வருஷம். கபடியில் என் அண்ணனுக்கு முட்டி உடைந்தது. பாதியிலேயே தூக்கி வந்தோம். அதற்குள் அவன் எடுத்திருந்த புள்ளிகளால்தான் ஊர் ஜெயித்தது. பரிசுக் கிடாயை அன்றே அறுத்தார்கள். கறி வாங்கத் தூக்குச்சட்டியோடு போனாள் அம்மா.

"கடைசிவரைக்கும் களத்துல நின்னவனுக்குத்தான் பங்கு, அத்தே. நம்மூரு வழக்கம்ல?" என்றான் கேப்டன்.

அம்மா வெறும் சட்டியோடு திரும்பினாள்; தெருவெல்லாம் கறி கொதிக்கும் வாசனை. அண்ணன் வலியென்று முனகவில்லை. "அந்த ஜன்னலச் சாத்துங்க" என்று மட்டும் சொன்னான்.

படம் முடிந்தது. பக்கத்து இருக்கையில் மடங்காத காலை நீட்டியிருந்த அண்ணன் என்னிடம் கேட்டான்: "அம்புட்டுப் பேரும் கை தட்டுறாய்ங்க. அவனுக்குப் பங்கு குடுத்தாய்ங்களா?"