டிராகன் படம் பிடித்துப்போன அக்கா

தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய சனிக்கிழமை காலை, அக்காவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முந்தைய நாள் இருவரும் சேர்ந்து பார்த்த சினிமாதான் காரணம்.

சிறு வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு இருவரும் மாறி மாறி வாசித்த மந்திர நாவலை யாரோ படமாக எடுத்திருந்தார்கள். பாதிக் கதையைக் காணோம். டிராகன் நனைந்த கோழி மாதிரி இருந்தது. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். பேக்கரியில் காலை முதல் நின்றபடியே கேக்குக்கு க்ரீம் பூசிவிட்டு வந்திருந்த அக்காவோ, கால்வலியை மறந்து வாய் பிளந்து பார்த்தாள்.

“கதையைக் கொலை பண்ணிட்டானுங்க, நீ கை தட்டுறே,” என்றான் வெளியே வந்ததும்.

“கோழியோ குருவியோ, பறந்துச்சுல்லடா? எனக்கு அது போதும்.”

“உன்கூடப் போய் அந்தப் புத்தகத்தைப் படிச்சேன் பாரு.”

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு அவன் அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்தான். அவள் எட்ட நின்று கேட்டுக்கொள்வாள். ஆனாலும் படம் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லிச் சமாதானமாக அவளுக்கு மனம் வரவில்லை. தனியாக இன்னொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, வேலைக்கு நடுவில் அவள் போனுக்குச் செய்தி வந்தது.

“அக்கா, இங்க டிவியில நம்ம படம் போட்டான். புத்தகத்துல அந்த ராணி சாகவே மாட்டா, இவனுங்க சாகடிச்சுட்டானுங்க. மடத்தனம். ஆனா அழுதுட்டேன். அம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே.”