வீட்டுக்குள் வெளிக்குப் போவது

என் அண்ணன் குழாய் வேலைக்காரர். உடனே பளபளக்கும் ஷவரையும் வெந்நீர்க் குழாயையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதையெல்லாம் மாட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கக்கூஸ் அடைத்துக்கொண்டால்தான் அண்ணனைக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது "அண்ணே, நீங்கதான் தெய்வம்" என்பார்கள். வேலை முடிந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெய்வத்தின் முகத்திலேயே கதவைச் சாத்துவார்கள்.

அண்ணன் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் எனக்கு அடியிலேருந்து தெரியும் பாப்பா" என்பார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பெண் பார்க்கப் போனார். பெண்ணைப் பார்க்காமல் பின்பக்கக் கழிவுக் குழாயின் சாய்வைப் பார்த்துவிட்டு, "இது ஒரு மாசம் தாங்காதுங்க" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். அடைப்பெடுக்க.

ஆகையால் அவருக்கு வாய்த்த துணை ஒரு ஆண் பூனைதான். பெயர் மேஸ்திரி. தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் அடுத்தவர் வேலையை மட்டும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர்.

அண்ணன் இருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று ஆனதும் நானே போய் இருவரையும் மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு கக்கூஸ், நானும் என் வீட்டுக்காரரும். கீழே பெட்ரோல் பங்கு, லாரி ஓடும் சாலை என்பதால் மேஸ்திரியை வெளியே விடுவதற்கில்லை. அதுதான் சிக்கலே. பழைய வீட்டில் தினமும் காலையில் அண்ணன் பின்கதவைத் திறந்து, "வெளிக்குப் போறியாடா?" என்று கேட்பார். மேஸ்திரி வாலைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய், மண்ணைத் தோண்டி, வானத்தைப் பார்த்தபடி காரியத்தை முடித்து, மூடிவிட்டு வரும். இப்போது அது வீட்டுக்குள்ளேயே வெளிக்குப் போக வேண்டும். சொல்லும்போதே நாக்கு இடறுகிறது. பூனைக்கு எப்படி இருந்திருக்கும்!

அண்ணன் தன் தொழில் திறமை முழுவதையும் இறக்கினார். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்தார். அடியில் ஓட்டை போட்டு, சல்லடை வைத்து, பிவிசி குழாயை வளைத்து எங்கள் கக்கூஸ் வடிகாலோடு சேர்த்தார். மேலே சலித்த மணல். காலையும் மாலையும் பினாயில் ஊற்றி அலம்பி, புது மணல் போட்டார். எங்களுக்குக்கூட வீட்டில் அவ்வளவு வசதி கிடையாது. பிறகு மேஸ்திரியைத் தூக்கி அதில் நிறுத்தி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, "ம், வெளிக்குப் போ" என்பார். மேஸ்திரி ஒரே தாவாகத் தாவி வாசல் கதவுக்கு ஓடி, அங்கே உட்கார்ந்து எங்களைத் திரும்பிப் பார்க்கும்.

"சொன்ன பேச்சு கேக்கவே மாட்டேங்குது" என்று அண்ணன் மறுபடி தூக்கிவருவார். மறுபடி "வெளிக்குப் போ." மறுபடி வாசல் கதவு.

ஒருநாள் அது என் வீட்டுக்காரரின் ஆபீஸ் ஷூவுக்குள் போய்வைத்தது. அவர் காலை விட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் கத்திய கத்தலில் பூனை பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து எங்கேயும் போகவில்லை. ஷூவிலும் இல்லை, டிரம்மிலும் இல்லை. சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. "பாப்பா, அடைப்பு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கூடையில் போட்டு ஓடினோம். மிருக டாக்டரம்மா குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தார். குழாய் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட என் அண்ணன் அந்தக் குழாயைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆண் பூனை பயந்துபோய் அடக்கினா இப்படித்தான் அடைச்சுக்கும். நாளைக்குள்ள தானா போகணும். மறுபடி அடைச்சா தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. பிறகு, "இதுக்கு முன்னாடி எங்க வெளிக்குப் போகும்?" என்று கேட்டார்.

கூடையில் துவண்டு கிடந்த மேஸ்திரி காதை நிமிர்த்தியது. மெல்லத் தலையைத் தூக்கி, அறைக் கதவைப் பார்த்தது.

"நல்லாத்தான் பேச்சு கேக்குது" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணே, நீங்க வெளிக்குப் போன்னு சொன்னீங்க. அது வெளியதான் போச்சு! நாமதான் பிடிச்சுப் பிடிச்சு உள்ள கொண்டாந்திருக்கோம்."

டிரம் அறுத்தது, பினாயில் ஊற்றியது, பக்கத்தில் நின்றது எல்லாவற்றையும் அண்ணன் ஒப்பித்தார். டாக்டரம்மா விடவில்லை. பினாயில் வாடை அடித்தால் எந்தப் பூனையும் கிட்ட வராது என்றார். அது ஏற்கெனவே போய்ப் பழகிய மண்ணையே கொண்டுவந்து போடச் சொன்னார். கடைசியாக, "பக்கத்துல நின்னு வேற பாக்கறீங்களா? உங்களை ஒருத்தர் நின்னு பாத்தா உங்களுக்கு வருமா சார்?" என்றார்.

அண்ணனின் காது சிவந்துபோனது. தெருவில் இறங்கியதும், கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் வரல, பாப்பா."

"என்ன வரல?"

"உன் வீட்டுல. கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை பேப்பர் படிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. எப்படி வரும்?"

"அப்ப இத்தனை நாளா?"

"வேலைக்குப் போற வீட்டுலதான். அடைப்பு எடுத்ததும், டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு சொல்லி கதவைச் சாத்திக்குவேன்."

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஊர்க் கக்கூஸையெல்லாம் திறந்துவைத்த மகாராஜனுக்குத் தங்கை வீட்டில் இடமில்லை! ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. "நான் சாமான் வாங்கற கடைக் கிடங்குல ஒரு ரூம் சும்மா கிடக்கு. பின்னால மண்ணு இருக்கு. நாளைக்கும் இது போகலைன்னா நாங்க ரெண்டு பேரும் அங்க போயிடறோம். உனக்கு எதுக்கு எங்களால தொந்தரவு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இந்த மனிதர் ஒருவர்தான். அவரைப் போய் ஜன்னலில்லாத கிடங்கில் சிமெண்ட் மூட்டைக்கு நடுவில் படுக்கவிடுவதா? "முதல்ல மண்ணு எடுக்கலாம், நடங்க" என்று அதட்டினேன்.

பழைய வீட்டில் பாதிச் சுவர்தான் மிச்சமிருந்தது. அண்ணன் நேராகப் பின்சுவர் ஓரம் போய்க் கொத்துக் கரண்டியால் தோண்டிச் சாக்கில் போட ஆரம்பித்தார். கம்பை ஊன்றிக்கொண்டு காவலாளி ஓடிவந்தார்.

"யோவ், என்னத்தைய்யா தோண்டறே?"

அண்ணன் விழித்தார். நான்தான் சொன்னேன். "பூனைப் பீங்க."

"யாருகிட்ட கதை விடறே? பழைய வீட்டுல புதைச்சு வச்சத எடுக்க வந்திருக்கீங்க. சாக்கைப் பிரி!"

பிரித்தேன். காவலாளி புதையலை எதிர்பார்த்து நன்றாகக் குனிந்து மூச்சை இழுத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். தூரத்தில் போய் நின்றுகொண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையாலேயே காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். பினாயிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அண்ணன் பீரோச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பால்கனியில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு பழைய பேசினை வைத்து, அந்த மண்ணைக் கொட்டி, மறைப்பாக ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். மேஸ்திரியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மூன்று பேரும் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் மத்தியானம்வரை இல்லை. அண்ணன் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. தன் துணியையெல்லாம் எடுத்துப் பையில் கட்டி மூலையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் பால்கனிப் பக்கம் திரும்பி, "வெளி..." என்று ஆரம்பித்தார். பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினேன்.

பொத்திய கையை எடுக்கவில்லை. மெஷினுக்குப் பின்னால் பரக் பரக்கென்று மண்ணைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. பிறகு மறுபடி பரக் பரக், வெகுநேரம். சாக்கை முட்டித் தள்ளிக்கொண்டு மேஸ்திரி வந்து, எங்கள் மூவரையும் வேலையில்லாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் போனது. அண்ணன் எழுந்து போய்க் கரண்டியில் ஒரு கட்டி ஈர மண்ணை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா ஃப்ரீயா போயிருக்கு பாப்பா" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் ஷூவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

பூனை பிழைத்துக்கொண்டது. ஆனால் கட்டிவைத்த பை மூலையிலேயே இருந்தது. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்று பயம். என் வீட்டுக்காரரிடம் மட்டும் இனிமேல் காலையில் பேப்பரை மொட்டைமாடியில் போய்ப் படிக்கச் சொன்னேன்.

பிறகு ஒரு காலை. சமையலறையில் இருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கக்கூஸ் வாசலில் ஒற்றைக் காலில் நிற்கிறார். உள்ளே தாழ்ப்பாள். உள்ளிருந்து, சுருதியே இல்லாமல், நிம்மதியாக ஒரு பாட்டு.

"மச்சான், ஆபீசுக்கு நேரமாச்சு!"

பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது.

"என்ன இது அநியாயமா இருக்கு? உங்க அண்ணன் எப்பத்தான் வெளிய வருவாரு?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மூலையில் இருந்த பையை அவிழ்த்தேன். அண்ணனின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி அலமாரியில் அடுக்கினேன்.

"அவரு வர மாட்டாருங்க. நீங்க கீழ பெட்ரோல் பங்குல போய்ப் பாருங்க."