இரண்டு பேர் உள்ள ஊர்

“லித்தோஸ்த்ரோதோஸ் வருது, கம்பியப் பிடிங்க!” என்று ஜீப் ஓட்டும் பாண்டித்துரை கத்தவும், ஜீப்புக்குள் தலைகள் கூரையில் முட்டவும் சரியாக இருக்கும். கல் பாவிய இடம் என்று அர்த்தம். கிரேக்க பைபிளில் வருகிற இடப்பெயர். பள்ளிவாசல் எஸ்டேட்டின் தேயிலைக் காட்டுக்கு மேலே ஏறும் அந்தப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

நெற்றியில் பட்டை. டாஷ்போர்டில் முருகன். முருகனுக்குப் பக்கத்தில், யாரோ ஒரு பயணி மறந்துவிட்டுப் போன பைபிள் கிரேக்கப் பாடப்புத்தகம். நாலு மழைக்காலம், சவாரி இல்லாத நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டினார். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்குப் பயந்து சுவர் ஏறிக் குதித்த மனிதர், இப்போது டீக்கடையில் வேற்றுமை உருபு பேசுகிறார். “நாம மதுரைக்கு, மதுரையிலன்னு வாலு மாத்துறோம்ல? அவுகளும் அப்படித்தான். பெத்லகேம்னு வெளியூர்ப் பேரு வந்தா மட்டும் வாலு ஒட்டாது. வெறைப்பா நிக்கும், எங்க மாமனாரு மாதிரி.”

“பழனிக்கு வழி கேட்டா பெத்லகேமுக்குச் சொல்றீகளே, சாமி கண்ணக் குத்தாது?” என்பாள் கொழுந்து பறிக்கப் போகும் மனைவி மாரித்தாய்.

அந்தப் புத்தகத்தில் அவருக்கு உயிரான விஷயம் ஒன்றுதான். ஓர் இடத்துக்குக் கிரேக்கப் பெயரைச் சொன்ன கையோடு, எபிரேயர் அதை எப்படி அழைப்பார்கள் என்றும் சுவிசேஷம் எழுதிய யோவான் எழுதிவைப்பார். எஸ்டேட்டிலும் அதே வழக்கம். ரிக்கார்டில் வெள்ளைக்காரன் வைத்த டிவிஷன் பெயர். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்காரர்கள் வாயில் ஊமைப்பாறை. எங்கே நின்று கூவினாலும் மலை திருப்பிக் கூவும், அந்தப் பாறை மட்டும் கூவாது. கல்யாணமான புதிதில் மாரித்தாய் அங்கே நின்று புருஷன் பெயரைக் கூவினாள். பாறை பேசவில்லை, இவர்தான் மூச்சிரைக்க ஓடினார்.

போன மாதம் பாதை முக்கில் ஊருக்குப் புதுப் பெயரோடு பலகை வந்தது: ‘கிரீன்வியூ’. லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சப் பேரும் மலையிறங்கிவிட்டால் ஊமைப்பாறை என்று சொல்ல ஒரு வாய் இருக்குமா என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடியில் அந்தப் பெயரையும் போடச் சொல்லி, மலையாளத்துக்காரரான பஞ்சாயத்து மெம்பர் கோபிநாத்திடம் மூன்று தடவை நடந்தார்.

“சேட்டா, ரெண்டு பேரு எழுதினா டூரிஸ்டுக்கு வழி தெத்தும்.”

“யோவான் ரெண்டு பேரு எழுதியிருக்காரு, ஒருத்தனும் வழி தப்பலையே!”

“யோவானா? எந்த வார்டு?”

நேற்று மத்தியானம் பலகைக்குப் பின்பக்கம் போனார். மலையேறி வருகிறவர்களுக்குத்தான் ‘கிரீன்வியூ’. லயத்திலிருந்து இறங்குகிறவர்களுக்கு வெறும் தகரம். நம்பர் பிளேட்டுக்கு வாங்கிய மஞ்சள் பெயிண்டில் ‘ஊமைப்பாறை’ என்று பெரிதாக எழுதினார். கொழுந்து மூட்டையோடு வந்த மாரித்தாய் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“கோணலா இருக்கு.”

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கடைசி எழுத்திலிருந்து வழிந்த சொட்டைத் தேயிலைக் கறை படிந்த கட்டைவிரலால் துடைத்துவிட்டாள்.