மடியை அவிழ்க்கும் முன்: உடப்பில் ஒரு சனிக்கிழமை

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை உடப்புக்குப் போய் வந்தேன். கடல் பார்க்கவோ கோயில் கும்பிடவோ அல்ல, ஒரு ஓட்டக்காரியைச் சந்திக்க. இந்தப் பக்கத்தில் வழமையாகச் சாப்பாட்டையும் பஸ் நேரத்தையும் பற்றி எழுதுகிறவள் நான். வயிற்றுப்பிழைப்புக்குக் கொழும்பில் சட்டத்தரணி. இந்தமுறை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

சிலாபத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். அவரிடம் பழகும் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வெளிநாட்டுப் போட்டிக்கான தெரிவுக்குத் தகுதி பெற்றிருக்கிறாளாம். ஆனால் பெண்கள் பிரிவில் ஓடுவதென்றால் கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்து, அவள் பெண்தானா என்று மரபணுச் சோதனை செய்யவேண்டும். திங்கட்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். அவளோ தன் சேரான இந்த நண்பரின் அழைப்பையே எடுப்பதில்லை. சட்டம் தெரிந்த பெண் ஒருத்தி வந்தால் மட்டும் கதைப்பாளாம். அவளைத் தர்ஷிகா என்று வைத்துக்கொள்வோம்.

புறக்கோட்டையில் காலை ஐந்தரைக்குப் புத்தளம் பஸ் ஏறினேன். சிலாபம் தாண்டி, பத்துளுஓயாச் சந்தியில் இறங்கி மேற்கே கடற்கரைப் பக்கம் போகவேண்டும். நான் சிலாபத்தில் கண்ணை மூடினேன், முந்தலில் திறந்தேன். இறால் பண்ணைகளைக் கண்டதும்தான் சந்தி போய்விட்டது தெரிந்தது. கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே பால் போடாத பிளேன்டி தந்து, ஓட்டோ ஒன்றையும் பிடித்துத் தந்தார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். தூக்கத்துக்கு அது கூடின விலைதான்.

ஓட்டோக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணர், நானா என்றுதான் கூப்பிடுவோம், நல்ல வாயாடி. யார் வீட்டுக்கு என்று கேட்டார். ஓடுகிற பிள்ளை வீட்டுக்கு என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் பாடசாலைப் போட்டியில் ஓடியதைப் பார்த்திருக்கிறாராம், காற்றுப் போல ஓடுவாளாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மிஸ், அது பொம்புளதானா எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நானா, உங்களுக்கு லைசன் குடுக்க முந்தி ஆம்புளையா எண்டு ஆரும் சோதிச்சாங்களா?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அதன்பின் ஊர் வரும் வரைக்கும் இறால் விலையைப் பற்றி மட்டும் கதைத்தார்.

பத்து மணிக்கு முன்பே உடப்பு. வீட்டில் தர்ஷிகா இல்லை. தாய் என்னை ஏற இறங்கப் பார்த்து, கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, மகள் கரைவலைப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார். நான் கதிரையில் இருக்கவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தேன். முதல் முறை போகிறவர்கள் தொப்பியை மறக்காதீர்கள். பத்து மணிக்கே மணல் கொதிக்கிறது.

அது கரைவலைக் காலம். தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் நல்ல இடைவெளி. கவிழ்த்து வைத்த ஒரு தோணியின் நிழலில் மெலிந்த, உயரமான பெண் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தர்ஷிகாதான். பக்கத்தில் போய் இருந்தேன்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முதல், பயிற்சி முகாம் ஒன்றில் இரத்தம் எடுத்தார்களாம். இரும்புச்சத்துப் பார்க்க என்று சொன்னார்களாம். இரண்டு கிழமையில் அணியில் அவளுடைய பெயர் இல்லை. மருத்துவக் காரணம் என்பதைத் தவிர ஒரு விளக்கமும் இல்லை. என்ன பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் முகாமில் இருந்து பிள்ளைகள் திரும்பிய வான் வண்டியிலேயே கதையும் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. கேட்கக் கேட்க எனக்குக் கோபம் ஏறியது.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, நான் மாட்டன் எண்டு சொன்னா என்ன நடக்கும்?"

மழுப்பாமல் சொன்னேன். மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அந்தப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட விடமாட்டார்கள். கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு கேட்கிற சம்மதம் சம்மதமே இல்லை என்று மனித உரிமைக்காரர்கள் வாதாடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். மற்றப் பெண்களுக்கு நியாயம் வேண்டும் என்று விளையாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். அதையும் தூக்கி எறிய முடியாது. அவர்கள் தேடுகிற, வழக்கமாக ஆண்களிடம் இருக்கும் மரபணு உடம்பில் இருந்தும், பிறந்த நாள் முதல் பெண்ணாகவே வளர்ந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது. இப்படியான வழக்கு ஒன்றில், வீராங்கனையின் முறைப்பாடு ஒழுங்காக விசாரிக்கப்படவில்லை என்று வெளிநாட்டு மனித உரிமை நீதிமன்றம் ஒன்று சொன்னது. விதி சரியா பிழையா என்று அது முடிவு கட்டவில்லை.

அவள் மணலைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு ரிசல்ட்டுக்குப் பயமில்ல அக்கா. எனக்குத் தெரிய முந்தி ஊருக்குத் தெரியும். அதுக்குத்தான் பயம்" என்றாள்.

வலை கிட்ட வந்துவிட்டது. வலையின் நுனியில் மீன் சேரும் பையை மடி என்கிறார்கள். இந்தப் பக்கக் கயிற்றுக்காரர்கள் அதைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். உள்ளே வெள்ளி மின்னியது. நான் ஓடிப்போய் நின்றேன். ஆனால் யாரும் அதைத் தொடவில்லை. சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுமை கிடையாது. ஏன் இன்னும் அவிழ்க்கவில்லை என்று தர்ஷிகாவிடம் கேட்டேன்.

அந்தப் பக்கக் கயிற்றில் இருந்தவர்கள் வந்து சேரவேண்டும் என்றாள். இழுத்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றால்தான் முடிச்சில் கை வைப்பார்களாம். சம்மாட்டியே என்றாலும் தனியே அவிழ்க்க மாட்டாராம். முதலில் அவிழ்த்தால், என்ன இருந்தது என்று பிறகு யார் எதைச் சொன்னாலும் நம்ப முடியாதே.

அந்தப் பக்கத்து ஆட்கள் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தார்கள். முடிச்சு அவிழ்ந்தது. நிறையச் சாளை, கொஞ்சம் பாரை. எல்லாரும் ஒன்றாக எட்டிப் பார்த்தார்கள். அவள் மட்டும் மீனைப் பார்க்கவில்லை.

"ரிசல்ட்டையும் என்னை வச்சுக்கொண்டு அவிழ்க்கட்டும்" என்றாள். "எனக்கு முந்தி ஒருத்தரும் பார்க்கக் கூடாது. அதுக்கு ஓம் எண்டா நானும் ஓம்."

விதியில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்குமோ தெரியாது, முடியாது என்று அவர்கள் சொல்லலாம் என்றேன்.

"சொல்லட்டும். அப்ப மாட்டன் எண்டது நான் இல்ல, அவங்க."

அவ்விடத்தில் இருந்தே சேருக்கு அழைப்பு எடுத்தாள். சட்ட மொழியில் அதை எழுதி அனுப்பியது மட்டும் என் வேலை. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை, கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சமாளித்தேன். பிறகு தாய் போட்ட சாளைக் குழம்பும் சோறும். உடப்பில் கடை தேடி அலையாதீர்கள், யாராவது கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள்.

போட்டிக்குத் தெரிவு செய்கிறவர்கள் இழுத்தடித்துத்தான் சம்மதித்தார்கள். சோதனை முடிந்ததும், அவளுக்கு முன்னால் ரிசல்ட் உறையைத் திறந்தார்கள். அன்று பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, நான்தான் முதல் பார்த்தனான்" என்றாள். குரலில் அழுகையும் இல்லை, துள்ளலும் இல்லை. ரிசல்ட் என்ன என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஓட்டோக்கார நானாவை அவ்வளவு பேசின நான்! கேள்வியை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிவானாளா இல்லையா என்பதையும் இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதினால் மற்றதையும் எழுதினது போல.

இதைப் போடமுன் அவளுக்கு அனுப்பினேன். ஊர்ப் பெயரை மாற்றவா என்று கேட்டேன். ஊருக்குத்தான் ஏற்கனவே எல்லாம் தெரியுமே என்று சிரித்தாள்.

போகிறவர்களுக்கு: கரைவலை பார்க்க ஐப்பசி முதல் பங்குனி வரை நல்லது. காலை ஒன்பதுக்கு முதல் கரையில் நில்லுங்கள். பஸ்ஸில் சிலாபம் தாண்டினால் தூங்காதீர்கள். கயிறு பிடிக்கக் கூப்பிட்டால் பிடியுங்கள், ஆனால் எல்லாரும் வந்து சேரும் வரை மடிக்குக் கிட்டப் போகாதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஈர மணலில் உயரமான பெண் ஒருத்தி ஓடுவதைக் கண்டால் தாராளமாகக் கதையுங்கள். எண்ணூறு மீற்றர் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எத்தனை தரம் கேட்டாலும் பதில் சொல்வாளாம். இந்த வரியை அவள்தான் போடச் சொன்னாள்.