கிட்டங்கியைச் சுற்றிய ஸ்புட்னிக்

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பொட்டலத்திலிருந்து புகையிலை மணக்க, நாகல் நகரில் ஒரு காலத்தில் இருந்த, இன்று இல்லாமல் போன அந்தப் புகையிலைக் கிட்டங்கிக்குள் நினைவில் மெல்லப் போய்விட்டேன். ஓட்டு இடுக்கில் ஒழுகும் வெயிலில் தூசி பொன்னாய் மிதக்க, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்ந்த இலைகளைக் காம்பு நீக்கி அடுக்க, அந்தச் சரசரப்பில் சின்னப் பிள்ளையான நான் சித்தியின் முதுகில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் கிடப்பேன். சித்தி சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள்.

மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வருவார். சித்தியின் பக்கம் வரும்போது மட்டும் நடை தளரும். ரஷ்யாக்காரர்கள் வானத்தில் விட்டதாக ரேடியோவில் சொன்ன ஸ்புட்னிக் கோளின் பெயரைப் பெண்கள் அவருக்கு வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் அது காதில் விழ, சித்தியிடமே கேட்டார். “ஸ்புட்னிக்குனா என்னம்மா?”

“பூமியவே சுத்திக்கிட்டுக் கெடக்குமாம். எறங்கி வந்து ஒரு வார்த்தை பேசாதாம்.”

சரசரப்பு நின்றுபோனது. மேஸ்திரி சாக்கு மூட்டையில் உட்கார்ந்தார். “ஒங்க வீட்ல யாருகிட்ட வந்து பேசணும்?”

சித்தி நிமிரவில்லை. “எங்கிட்டயே பேசலாம்” என்றாள்.

அவள் முதுகு நடுங்குவது என் கன்னத்தில் தெரிந்தது. அடுத்த தையில் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.