வால்ட்டர் ஹிக்பி ஓடி முடித்த பந்தயம்

காலை ஏழரைக்கு, பலெர்மோ ரயில் நிலையத்துக்கு எதிரே சிறிய ஃபியட் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். நாளுக்கு நாற்பத்தைந்து யூரோ, பெற்றோல் தனி. 2006 ஏப்ரல் மாதம். பதினான்கு வருடமாக லண்டனில் பேருந்து ஓட்டுகிறவன் நான் என்றாலும், சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டுவது அன்றுதான் முதல் தடவை. பக்கத்து இருக்கையில் மார்கரெட் ஹிக்பி. லண்டனில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி, அறுபது வயது. பின்னால் என் தங்கை ஜெசிந்தா. மன்னாரிலிருந்து வந்து பத்து வருடமாகப் பலெர்மோவின் அல்பெர்கேரியா பகுதியில் குடியிருக்கிறாள். வீட்டு வேலைக்குப் போகிறாள். எங்கள் மூவரில் இத்தாலியன் தெரிந்தவள் அவள்தான்.

"அண்ணா, வலப்பக்கத்தாலை போங்கோ! வலப்பக்கம்!" என்று முதல் சந்தியிலேயே கத்தினாள்.

நகரம் முடிந்ததும் கடல் இடப்பக்கமாகக் கூடவே வந்தது. சேர்தா ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் மார்கரெட் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

வால்ட்டர் ஹிக்பி கார் பழுது பார்க்கும் தொழிலாளி. ஐம்பதுகளில் ஆறு வருடம், தானே பாகம் பாகமாகப் பூட்டிய சின்னக் காரில் பந்தயம் ஓடினார். இங்கிலாந்தில் ஒரு தடவைகூட முதல் மூன்றுக்குள் வந்ததில்லை. கடைசியாகக் காரை இழுத்துக்கொண்டு சிசிலிக்கு வந்தார். எழுபத்திரண்டு கிலோமீட்டர் மலைச் சாலையைப் பல தடவை சுற்றும் பந்தயம் அது. "என் பிரிவில் நான்தான் முதலாவது" என்று சாகும்வரை சொன்னார். ஆனால் மறுநாள் பத்திரிகை, சின்னக் கார்ப் பிரிவில் ஒருவருமே ஓடி முடிக்கவில்லை என்று எழுதியிருந்தது. அந்த நறுக்கைக் காட்டிக் காட்டியே குடும்பம் சிரித்தது.

"நானும்தான் சிரித்தேன்" என்றாள் மார்கரெட்.

ஜெசிந்தா வேலை செய்யும் வீட்டின் எஜமானி, அந்தச் சிஞ்ஞோராவின் தகப்பன் சேர்தாக்காரர். அந்தப் பந்தயத்தில் நேரம் குறித்தவர்களில் ஒருவர். அதனால்தான் இந்தப் பயணமே.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே, பழைய பார்வையாளர் மேடைக்கு முன்னால், சால்வாத்தோரே என்ற அந்தக் கிழவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு கறுப்புக் கொப்பி. வால்ட்டரின் பந்தயக் கார் இலக்கத்தை மட்டும் கேட்டார். மார்கரெட் சொன்னாள். தாளைப் புரட்டியவர் விரலை ஓர் இடத்தில் வைத்துவிட்டு வேகமாகப் பேசத் தொடங்கினார்.

"என்ன சொல்லுறார்?" என்றேன்.

"பொறுங்கோ அண்ணா, கெதியாக் கதைக்கிறார்." ஜெசிந்தா மூச்சு வாங்கினாள். "கடைசிச் சுற்றிலை கல்தவுத்தூரோவிலை கியர் உடைஞ்சு போச்சாம். ஒரே ஒரு கியரோடைதான் மிச்ச மலை முழுக்க வந்தவராம். தண்ணி கொதிக்கக் கொதிக்க, அங்கத்தைப் பொம்பிளையள் குடத்தாலை ஊத்தி விட்டவையாம். பத்திரிகைக்காரர் எல்லாம் அதுக்கு முதலே பலெர்மோவுக்குப் போயிட்டினம். இவர் மட்டும் கடிகாரத்தோடை நிண்டவர். பந்தயத்துக்குக் குடுத்த நேரம் முடிய நாலு நிமிசம் இருக்கேக்கை அந்தக் கார் வந்ததாம்."

நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மார்கரெட் கொப்பியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்படியானால் அப்பா தன் பிரிவில் எத்தனையாவது?" என்று கேட்டாள்.

கிழவர் ஒற்றை விரலை உயர்த்தினார்.

"மற்றவை?" என்று நானே தமிழில் கேட்டுவிட்டேன். ஜெசிந்தா கேட்டுச் சொன்னாள்: "மற்றவை ஒருத்தரும் வரேல்லையாம். எல்லாற்றை காரும் மலையிலை நிண்டிட்டுதாம்."

மார்கரெட் வெடித்துச் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். கிழவர் சங்கடப்பட்டுத் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

மார்கரெட் அங்கேயே நின்று கைபேசியில் தன் சித்தப்பாவை அழைத்தாள். எண்பத்து நாலு வயது. அந்த நறுக்கை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தவரே அவர்தான். ஒலிபெருக்கியைப் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் நீண்ட நேரம் இருமல் மட்டும்.

"இரண்டாவதாக வந்தது யார்?" என்றார் கடைசியில்.

"யாருமில்லை சித்தப்பா. அப்பா எல்லாரையும் தோற்கடித்துவிட்டார்."

"வால்ட்டர்..." என்றார் அவர். "நாசமாய்ப் போனவன், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்!" தம்பியின் குரலில் அவ்வளவு பெருமை.

பதினொன்றரைக்குக் கிழவர் காரின் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். பந்தயச் சாலையின் முழுச் சுற்றும் போய்த்தான் ஆகவேண்டுமாம். கல்தவுத்தூரோ, கொல்லெசானோ என்று வளைவுக்கு மேல் வளைவு. நான் இரண்டரை மணி நேரம் எடுத்தேன். மேடைக்கு முன்னால் வந்தபோது கிழவர் ஜன்னலுக்கு வெளியே தொப்பியை ஆட்டினார்; ஜெசிந்தா கைதட்டினாள்; மார்கரெட் என் தோளைப் போட்டு அடித்தாள். தெருவோரத்தில் ஆர்ட்டிசோக் காய் விற்றவர் ஒன்றும் விளங்காமலே சேர்ந்து கைதட்டினார்.

மறுநாள் விமானத்தில், ஜன்னலோரத்தில் இருந்த ஆங்கிலேயர் மார்கரெட்டிடம் சிசிலிக்கு விடுமுறைக்கா வந்தீர்கள் என்று கேட்டார். லண்டனில் அப்பாவின் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்துகிறவள் அவள். இப்போது மூன்று வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"இல்லை. என் அப்பா இங்கே ஒரு பந்தயத்தில் ஜெயித்தார்."